வேலை கிடைக்காத படிப்பு

கேள்வி: ஹங்கேரி அரசு பாலினக் கல்விப் (ஆண், பெண் என்னும் பாகுபாடு சமூகத்தில் இயங்கும் விதத்தை ஆராயும் 'ஜெண்டர் ஸ்டடீஸ்') பட்டப்படிப்பை நிறுத்தியதைக் கல்விச் சுதந்திரத்தின் மீதான தாக்குதல் என்று சென்ற இதழில் எழுதியிருந்தீர்கள். வேலை கிடைக்காத படிப்புக்கு மக்கள் வரிப்பணத்தைக் கொட்டாமல் இருப்பது நல்ல நிர்வாகம்தானே? (தென்காசி வாசகர்)

பதில்: வேலை என்று நீங்கள் சொன்னதும் ஓர் இளைஞர் நினைவுக்கு வருகிறார். ஐரோப்பிய அரசியல் தத்துவத்தில் குடிமைச் சமூகம் பற்றி ஆராய, 1989-இல் உதவித்தொகை பெற்று ஆக்ஸ்ஃபோர்டுக்குப் போனவர் அவர். நம் ஊரில் இந்த ஆராய்ச்சித் தலைப்பைச் சொல்லிப் பெண் கேட்டிருந்தால், 'அதைப் படித்துவிட்டு மாப்பிள்ளை என்ன செய்வார்?' என்று விசாரித்துவிட்டு, பஜ்ஜித் தட்டைத் திரும்ப உள்ளே எடுத்துப் போயிருப்பார்கள். சில மாதங்களில் ஆராய்ச்சியை விட்டு ஊர் திரும்பித் தேர்தலில் நின்ற அவருக்கு, 1998-இல் ஹங்கேரியின் பிரதமர் வேலை கிடைத்தது. பெயர் விக்டர் ஓர்பான். உதவித்தொகை கொடுத்தது, ஹங்கேரியில் பிறந்த அமெரிக்கச் செல்வந்தர் ஜார்ஜ் சோரோசின் அறக்கட்டளை. அதே சோரோஸ் நிறுவிய, புடாபெஸ்டில் இயங்கிவந்த மத்திய ஐரோப்பியப் பல்கலைக்கழகத்தைக் குறிவைத்து 2017-இல் ஓர்பான் அரசு சட்டம் இயற்றியது. அச்சட்டம் ஐரோப்பிய ஒன்றியச் சட்டத்துக்கு முரணானது என ஒன்றிய நீதிமன்றம் 2020-இல் தீர்ப்பளித்தபோது, பல்கலைக்கழகம் வியன்னாவுக்கே குடிபெயர்ந்திருந்தது.

இனி உங்கள் நிர்வாகத்துக்கு வருவோம். பாலினக் கல்வி முதுகலைப் படிப்பு இருந்தது இரண்டே இடங்களில். ஒன்று மேற்சொன்ன தனியார் பல்கலைக்கழகம்; அங்கே கொட்டுவதற்கு வரிப்பணம் ஏது? மற்றது புடாபெஸ்டின் எல்டே என்னும் அரசுப் பல்கலைக்கழகம். அங்கே இரண்டாண்டுப் படிப்பாக அது தொடங்கியது 2017-இல். 2018 ஆகஸ்டிலேயே மூடுவதற்கான வரைவை அனுப்பி, கருத்துச் சொல்லப் பல்கலைக்கழகங்களுக்கு 24 மணி நேரம் கொடுத்தார்கள்; அக்டோபரில் ஆணை வந்துவிட்டது. ஆக, எல்டேயில் ஒரு மாணவர்கூடப் பட்டம் வாங்காத நிலையில், அந்தப் பட்டதாரிகளை வேலைக்கு எடுக்க ஆளில்லை என்று அரசு கண்டுபிடித்துவிட்டது. இந்தச் சோதிடத்துக்கு முதுகலைப் படிப்பு தொடங்கினால் நானே விண்ணப்பிப்பேன். அப்போதைய துணைப் பிரதமர் ஷோல்ட் செம்யேன், வேலைச் சந்தையோடு நிற்காமல், இது அறிவியல் அன்று, கருத்தியல் என்றும் வெளிப்படையாகச் சொன்னார். அந்தக் கருத்து எனக்கு உடன்பாடில்லை. ஆனால், வரிப்பணத்தையும் வேலைச் சந்தையையும் முன்னே நிறுத்திவிட்டுப் பின்னால் ஒளிந்துகொள்ளும் வாதத்தைவிட அதனோடு வாதாடுவது எளிது.

மாணவர் சேரவில்லை என்று எல்டேயின் ஆசிரியர்களே கூடிப் பேசி அப்படிப்பை மூடியிருந்தால், இந்தப் பக்கத்தில் ஒரு வரியும் எழுதியிருக்க மாட்டேன். மூடியது அமைச்சரவை; அந்த ஆசிரியர்களுக்கு அது கொடுத்தது ஒரே ஒரு நாள்.