யார் பாவம்?

கேள்வி: மலாசன் நாவல் வரிசையில் கொலையாளிகளின் கடவுளாக வரும் கொட்டிலியனை எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. தான் செய்ததை நினைத்து அவன் மருகுவதைப் படிக்கும்போது பாவமாக இருக்கிறது. ஆனால் மனசாட்சி உறுத்துகிறவன் எப்படிக் கடவுளாக இருக்க முடியும்? இது கதாசிரியரின் சறுக்கல்தானே?
- ஒரு வாசகி, தென்காசி

பதில்: சறுக்கலா இல்லையா என்பது இருக்கட்டும். 'பாவமாக இருக்கிறது' என்று எழுதிவிட்டீர்கள், அதைத் தாண்டி என்னால் நகர முடியவில்லை.

செய்தாலும் பாவம், பட்டாலும் பாவம். கொன்றவன் தலையில் ஏறுவதும் அதுதான், செத்தவனைப் பார்த்து நாம் உச்சுக்கொட்டிச் சொல்வதும் அதுதான். என் பாட்டி ஞாயிற்றுக்கிழமை கோழி அறுக்கும் முன் அதன் அலகைப் பிரித்து இரண்டு சொட்டுத் தண்ணீர் விடுவாள். கழுத்து இறகை விரலால் ஒதுக்கிக்கொண்டே "பாவம்" என்பாள். அப்புறம் அரிவாள்மணை. "பாவம் கோழிக்கா, உனக்கா பாட்டி?" என்று ஒருநாள் கேட்டேன். "எல்லாம் ஒண்ணுதான், போய்ச் சட்டிய எடுத்துட்டு வா" என்றாள். ஒன்றே இல்லை என்று நாற்பது வருஷமாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். அந்தத் தண்ணீரால் ஆறியது பாட்டியின் மனசு. கோழிக்கு அதனால் ஒன்றும் ஆகவில்லை.

படிக்காதவர்களுக்காகக் கொஞ்சம். ஸ்டீவன் எரிக்சன் 1999 முதல் 2011 வரை பத்துத் தடித்த தொகுதிகளாக எழுதிய வரிசை இது. கொட்டிலியன் பிறவிக் கடவுள் இல்லை. கெல்லன்வெட் என்ற பேரரசனுக்குக் கூடவே நின்று கொலை செய்துகொடுத்த டான்சர் என்ற மனிதன். இருவரையும் தீர்த்துவிட்டு லசீன் அரியணை ஏறினாள் என்று ஊர் நம்பியது. இவர்களோ நிழலுலகத்தைப் பிடித்துக் கடவுள்களாகிவிட்டார்கள். கொட்டிலியன் என்பதும் ஒரு பழைய பிரெஞ்சு நடனத்தின் பெயர்தான். அவனுக்குக் 'கயிறு' என்றும் ஒரு பெயர் உண்டு. எமன் வீசும் கயிற்றையும் தாய் வைக்கும் அன்பையும் பாசம் என்ற ஒரே சொல்லால் சொல்கிறவர்களுக்கு அந்தப் பெயரை விளக்க வேண்டியதில்லை.

முதல் நாவலின் தொடக்கத்துக்கு வாருங்கள். இட்கோ கான் கடற்கரைச் சாலை. ஒரு மீனவப் பெண் குதிரைப்படை போவதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். படை போன பிறகு இரண்டு பேர் வருகிறார்கள். லசீனைப் பழிவாங்க ஒரு கருவி வேண்டும். கொட்டிலியன் அவளுக்குள் புகுந்துகொள்கிறான். இந்தக் காரியத்திலிருந்து எல்லோர் கவனமும் திரும்ப வேண்டுமே, அதற்காக நிழலின் வேட்டைநாய்கள் அந்தக் குதிரைப்படையையே குதறிப்போடுகின்றன. அந்தப் பெண் பட்டாளத்தில் சேர்கிறாள். அங்கே அவள் பெயர் 'சாரி', மன்னிப்புக் கேட்கும்போது சொல்கிற அதே ஆங்கில Sorry.

இந்தப் பெயரை வைத்து எனக்கும் ஒரு மொழிபெயர்ப்பாள நண்பருக்கும் பழைய சண்டை ஒன்று உண்டு. பெயர்ச்சொல்லை அப்படியே விட்டுவிட வேண்டும் என்பது அவர் கட்சி. நெருக்கிக் கேட்டால் 'வருத்தம்' என்று வேண்டுமானால் வைக்கலாம் என்பார். ஐயா, கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு ஏன் அலைகிறீர்கள்? 'பாவம்' என்று வையுங்கள். 'பாவம் வந்து நெருப்போரம் உட்கார்ந்தாள். சிப்பாய்களின் பேச்சு நின்றது.' 'அடுத்த காவலுக்குப் பாவத்தை அனுப்பாதே' என்று ஒருவன் மெதுவாகச் சொல்கிறான். எத்தனையோ போர் பார்த்துக் காய்த்துப்போனவர்கள்கூட அந்தச் சின்னப் பெண்ணைக் கண்டு ஒதுங்குகிறார்கள். அவள் பயங்கரமும் அவள் பரிதாபமும் அந்த ஒரே சொல்லில் நிற்கும். ஆங்கிலத்திலேயே எழுதிய எரிக்சனுக்குக்கூட இந்த வசதி கிடைக்கவில்லை. நண்பர் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. நானும் விடுவதாக இல்லை.

சரி, கடவுளுக்கு மனசாட்சி உறுத்துமா? தஞ்சாவூரிலிருந்து திருவையாறு போகும் வழியில் திருக்கண்டியூர் இருக்கிறது. பிரமனின் ஐந்தாம் தலையைச் சிவன் கிள்ளி எடுத்த தலம். கிள்ளிய தலை கையை விட்டு இறங்கவில்லை. அந்தக் கபாலத்தையே ஓடாக ஏந்தி ஊர் ஊராகப் பிச்சை எடுக்கிறார் பிட்சாடனர். கடவுளையும் பாவம் பிடிக்கும் என்று நம் ஆட்கள் கல்லில் அடித்து வைத்திருக்கிறார்கள். அதனால் எரிக்சனுக்குச் சறுக்கல் ஒன்றும் இல்லை. உறுத்தல் இருக்கிற கடவுளைத்தான் நாம் வீதி உலாவே கொண்டுபோகிறோம்.

கொட்டிலியனிடம் எனக்குள்ள வழக்கு வேறு. கண்டியூரில் வெட்டியவன் கையில்தான் தலை ஒட்டிக்கொண்டது. இங்கே ஒட்டிக்கொண்டது அந்தப் பெண்ணின் கையில். அவளை விட்டு அவன் விலகியதும் மனம் இரங்கியல்ல, அனோமாண்டர் ரேக் என்ற பெருவலியன் வந்து நெருக்கியதால். அவன் போன பிறகு அவள் அப்சலார் என்று தனக்குப் பெயர் வைத்துக்கொள்கிறாள். பழைய மீனவப் பெண்ணாகிவிடலாம் என்று பார்க்கிறாள். முடியவில்லை. கத்தி பிடிக்கும் வித்தை விரல்களை விட்டு இறங்கவில்லை. அவளை நேசித்த க்ரோகஸ் என்ற திருட்டுப் பையனும் கத்தியைக் கையில் எடுக்கிறான், கட்டர் என்று பெயரை மாற்றிக்கொள்கிறான், கடைசியில் அதே கடவுளுக்கு வேலை பார்க்கிறான்.

கொட்டிலியனிடம் நான் மதிக்கும் ஒன்று உண்டு. தன்னால் கெட்டவர்களின் எதிரில் வந்து நிற்கிறான், அவர்கள் சொல்வதைக் கேட்டுக்கொள்கிறான். அந்த வரிசையின் பெரும்பாலான கடவுள்கள் இதைச் செய்வதில்லை. நின்று கேட்டுவிட்டு அடுத்த வேலையையும் அவர்களிடமே கொடுத்துவிட்டுப் போகிறான். எனக்குப் பாட்டியின் இரண்டு சொட்டுத் தண்ணீர்தான் நினைவுக்கு வருகிறது. அவனுடைய வருத்தம் பொய் என்று நான் சொல்லவில்லை. பாட்டியும் பொய்யாக வருந்தியவள் இல்லை.

உங்கள் கேள்வியைச் சுருக்கித்தான் வெளியிட்டிருக்கிறோம். முழுக் கடிதம் இரண்டு பக்கம். அவன் தனிமை, அவன் மென்மை, அவன் பேச்சு எல்லாவற்றையும் அவ்வளவு அன்பாக எழுதியிருக்கிறீர்கள். இரண்டு முறை படித்தேன், அப்சலார் என்ற பெயர் ஓரிடத்திலும் இல்லை.