சிக்னலில் போலீஸா, கேமராவா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

சாலை விபத்துகள் பற்றிய உங்கள் கட்டுரையில், சிவப்பு விளக்கை மீறுபவர்களைத் தடுக்க சந்திப்புகளில் கேமரா வைக்க வேண்டும் என்று எழுதியிருந்தீர்கள். எனக்கு உடன்பாடில்லை. கேமரா யாரையும் நிறுத்துவதில்லை, படம்தான் எடுக்கிறது. சில வாரம் கழித்து நோட்டீஸ் வரும்போது ஓட்டியவருக்கே எந்த சிக்னல் என்று மறந்திருக்கும். ஓட்டியது மகன், அபராதம் அப்பாவுக்கு. போலீஸ்காரர் நின்றால் அங்கேயே பிடிப்பார். குடித்திருந்தால் சாவியை வாங்கிக்கொள்வார். கேமராவுக்குப் பயந்து திடீர் பிரேக் போடுவதால் பின்னால் வருபவர்கள் மோதுகிறார்கள் என்றும் படித்தேன். வசூலுக்காக வைத்த பெட்டியை உயிர் காக்கும் கருவி என்று சொல்வது சரியா?

ஒரு வாசகர்

*

அன்புள்ள நண்பருக்கு,

குடித்துவிட்டு ஓட்டுபவரைப் பற்றி நீங்கள் சொல்வதை அப்படியே ஏற்கிறேன். கேமரா இருப்பதே அவர் கண்ணில் படாது. அவரைச் சாலையிலிருந்து இறக்க ஆள்தான் வேண்டும். உரிமம் இல்லாதவர், போலி நம்பர் பிளேட்டோடு ஓடும் வண்டி எல்லாம் இதே கணக்குதான். ரோந்து வேண்டாம் என்று நான் சொல்லவே மாட்டேன்.

ஆனால் சிக்னலில் ஒரு போலீஸ்காரரால் என்ன செய்ய முடியும் என்று கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பாருங்கள். சிவப்பு விழுந்தபிறகுதான் வண்டி கோட்டைத் தாண்டியது என்று சொல்ல, அவர் விளக்கையும் கோட்டையும் ஒரே நேரத்தில் பார்த்திருக்க வேண்டும். அதற்கு மீறும் வண்டிக்குப் பின்னால் நிற்க வேண்டும். அங்கிருந்து துரத்தினால் அவரும் அதே சிவப்பில், குறுக்கே பச்சை கிடைத்துக் கிளம்பிவிட்ட வண்டிகளுக்கு நடுவே புகுந்துதான் போக வேண்டும். சந்திப்புக்கு அப்பால் நின்றாலோ விளக்கின் முகம் தெரியாது. இதற்காகவே சில ஊர்களில் சிக்னலின் பின்புறம் சின்னதாக ஒரு நீல விளக்கு வைக்கிறார்கள். முன்னால் சிவப்பு எரியும்போது அதுவும் எரியும். அப்பால் நிற்பவர் அதை வைத்து உறுதிசெய்து வண்டியை ஓரங்கட்டச் சொல்லலாம். நல்ல ஏற்பாடு, செலவும் குறைவு. ஆனாலும் ஒருவரை நிறுத்தி எழுதிக்கொண்டிருக்கும்போது அடுத்தவர் போய்விடுவார். வேலை நேரம் முடிந்து அவர் கிளம்பிய கொஞ்ச நாளில் பழைய கதைதான்.

கேமரா கிளம்புவதில்லை. வண்டி கோட்டுக்கு முன்னால் இருக்கும்போது ஒரு படம், சந்திப்புக்குள் நுழைந்தபின் ஒரு படம், சிவப்பு விழுந்து எவ்வளவு நேரம் ஆனது என்ற கணக்கு: எல்லாம் பதிவாகிவிடும். தினமும் அதே வழியில் போகிறவருக்கு ‘இன்றைக்கு யாரும் இல்லை, போயிடலாம்’ என்ற நினைப்புக்கு இடமில்லை. நோட்டீஸ் தாமதமாக வருவது குறைதான். சில நாட்களுக்குள் வந்தாக வேண்டும். அப்பா, மகன் சிக்கலைத் தீர்க்க சில இடங்களில் ஓட்டுபவரின் முகத்தையும் படமெடுக்கிறார்கள்.

பின்னால் மோதுவது பற்றி நீங்கள் படித்தது உண்மை. அமெரிக்காவின் மத்திய நெடுஞ்சாலைத் துறை 2005இல் வெளியிட்ட ஆய்வு 132 சந்திப்புகளைப் பார்த்தது. கேமரா வந்தபின் பக்கவாட்டு மோதல்கள் சுமார் 25 சதவீதம் குறைந்தன, பின்னால் மோதுவது சுமார் 15 சதவீதம் கூடியது. ஆனால் இரண்டும் ஒன்றல்ல. பக்கவாட்டில் இடிபடும்போது, உள்ளே இருப்பவருக்கும் வருகிற வண்டிக்கும் நடுவே இருப்பது ஒரு கதவு மட்டுமே. பச்சையை நம்பிக் கிளம்பியவர் அவர். எந்தத் தப்பும் செய்யாத அந்த மனிதரை நினைத்துத்தான் நான் கேமரா கேட்கிறேன்.

அதற்காக எல்லா மூலையிலும் மாட்டச் சொல்லவில்லை. 2010இல் ஹூஸ்டன் நகர மக்கள் வாக்களித்துக் கேமராக்களை நீக்கினார்கள்; அதை வைத்துச் செய்த ஆய்வில், கேமராவால் மொத்த விபத்துகள் குறைந்ததாகத் தெரியவில்லை. பக்கவாட்டு மோதல் அதிகம் நடக்கும் இடத்துக்குத்தான் அது பொருந்தும்.

வசூல் விஷயத்தில் உங்கள் கோபம் எனக்கும் உண்டு. ஷிகாகோவில் கேமரா ஒப்பந்தத்துக்காக லஞ்சம் வாங்கிய முன்னாள் நகராட்சி அதிகாரிக்கு 2016இல் 10 ஆண்டு சிறை கிடைத்தது. அதே நகரத்தில் 2014இல், மஞ்சள் விளக்கு 3 விநாடிக்கும் ஒரு இம்மி குறைவாக எரிந்த சமயங்களிலும் சுமார் 77 ஆயிரம் அபராத நோட்டீஸ் அனுப்பியிருக்கிறார்கள் என்று தணிக்கையில் தெரியவந்தது.

இந்த மஞ்சளைத்தான் நாம் கவனிப்பதே இல்லை. 60 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி ஒரு விநாடியில் கிட்டத்தட்ட 17 மீட்டர் ஓடிவிடும். மஞ்சளைப் பார்த்து கால் பிரேக்குக்குப் போக ஒரு விநாடி. அப்புறம், உள்ளே இருப்பவர் முன்னால் போய் விழாத அளவுக்கு நிதானமாக நிறுத்த வேண்டும். பொறியாளர்களின் வழக்கமான கணக்குப்படி இந்த வேகத்துக்கு மஞ்சள் சுமார் 3.8 விநாடி எரிய வேண்டும். அங்கே 3 விநாடிதான் கொடுத்தால், நிற்கவும் முடியாமல் கடக்கவும் முடியாமல் ஒருவர் மாட்டுவார். ஒழுங்காக ஓட்டுபவரையும் மீற வைத்துவிட்டுப் படம் எடுப்பது அநியாயம். மஞ்சளைச் சரிசெய்து, எல்லாப் பக்கமும் சேர்ந்து சிவப்பாக இருக்கும் ஒரு விநாடியையும் கொடுத்தபிறகு மீறுகிறவர்தான் உண்மையில் மீறுகிறவர்.

அதனால் கேமரா மாட்ட வருகிறவர்களிடம் நான் மூன்று கேள்வி கேட்பேன். இந்தச் சந்திப்பில் பக்கவாட்டு மோதல் எத்தனை நடந்தது? மஞ்சளை அளந்து பார்த்தது யார், எப்போது? கேமரா நிறுவனத்துக்கு மாதக் கட்டணமா, பிடிபடும் வண்டிக்கு இவ்வளவு என்றா? பிடிபடும் வண்டிக்கு இவ்வளவு என்றால், உங்களோடு சேர்ந்து நானும் எதிர்ப்பேன்.