நாலு நாள் குளோசபின் விட்டுப்போனால் பழைய டோஸையே கொடுக்கலாமா?

கேள்வி: என் தம்பிக்கு 31 வயது. மனச்சிதைவு நோய்க்கு இரண்டு வருடமாக இரவில் குளோசபின் 300 மி.கி. சாப்பிடுகிறான். நன்றாகத் தேறி வேலைக்கும் போகிறான். கல்யாணத்துக்காகத் திருநெல்வேலி போனோம், மாத்திரையை வீட்டிலேயே மறந்துவிட்டோம். வியாழன் இரவு 10 மணிக்குச் சாப்பிட்டதுதான் கடைசி. இன்று திங்கள் காலை வியாசர்பாடி திரும்பியிருக்கிறோம். இன்றிரவு வழக்கம்போல 300 கொடுக்கலாமா? மலச்சிக்கலும் இருக்கிறது. பீடியை விடப்போகிறேன் என்கிறான், விடலாம்தானே?

பதில்: இன்றிரவு 300 மி.கி. கொடுக்காதீர்கள். 200, 100 என்று நீங்களாகக் குறைத்தும் கொடுக்க வேண்டாம். கடைசி மாத்திரைக்குப் பிறகு 48 மணி நேரம் தாண்டிவிட்டால் குளோசபினை மறுபடி 12.5 மி.கி.யிலிருந்துதான் தொடங்க வேண்டும். அது 25 மி.கி. மாத்திரையில் பாதி. இன்றிரவோடு உங்கள் தம்பிக்கு 96 மணி நேரம் ஆகிவிடும்.

ஏன் இவ்வளவு கறார்? இந்த மருந்து ரத்த அழுத்தத்தைக் குறைக்கும், ஆளை அசத்தும். தினமும் சாப்பிடும்போது உடம்பு அதற்குப் பழகிக்கொள்கிறது. இரண்டு நாள் விட்டாலே அந்தப் பழக்கம் போய்விடுகிறது. அதன்பின் பழைய அளவை ஒரே வேளையில் கொடுத்தால், ராத்திரி பாத்ரூம் போக எழுந்தவர் அங்கேயே மயங்கி விழலாம். வலிப்பு வரலாம். அபூர்வமாக இதயத்துடிப்போ மூச்சோ நின்றுபோனதும் உண்டு. முதல் தடவை 300க்கு வர எவ்வளவு மெதுவாக ஏற்றினார்கள் என்பது உங்களுக்கு நினைவிருக்கும். அந்த நிதானத்துக்குக் காரணம் இதுதான்.

அதற்காக இன்னும் இரண்டு நாள் பொறுத்துப் பார்க்கலாம் என்றும் இருந்துவிடாதீர்கள். குளோசபின் திடீரென நின்றால் குமட்டல், வாந்தி, வியர்வை, தலைவலி, தூக்கமின்மை வரும். பழைய குரல்களும் சந்தேகங்களும் மற்ற மருந்துகளை நிறுத்தும்போது வருவதைவிடச் சீக்கிரம் திரும்பலாம். ஆகவே இன்றே வழக்கமாகப் பார்க்கும் மருத்துவரிடம் போங்கள். அரசு மருத்துவமனையில் பார்ப்பவரானால் ஓ.பி. நோட்டும் மாத்திரை ஸ்ட்ரிப்பும் கையில் இருக்கட்டும். உங்களுக்குப் பக்கத்தில் ஸ்டான்லியில் மனநலப் பிரிவு இருக்கிறது, கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையும் தூரமில்லை. அங்கே முதலில் சொல்ல வேண்டிய வாக்கியம்: "குளோசபின் 300, கடைசியாக வியாழன் ராத்திரி 10 மணிக்கு." நேரத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள், அவர்கள் முடிவெடுப்பதே அதை வைத்துத்தான். டாக்டர் கிடைக்கவில்லையென்றால் 14416 என்ற டெலிமனஸ் அரசு மனநல உதவி எண்ணில் எந்த நேரமும் தமிழிலேயே பேசலாம்.

மறுபடி தொடங்கும்போது முதல் நாள் 12.5 மி.கி. ஒரு வேளையோ இரண்டு வேளையோ கொடுத்து, ரத்த அழுத்தமும் நாடியும் பார்த்து ஏற்றுவார்கள். தாங்கினால் முதல் தடவையைவிடச் சீக்கிரமாகவே பழைய அளவுக்கு வந்துவிடலாம். அந்த நாட்களில் பைக் ஓட்ட வேண்டாம், குடி கூடவே கூடாது. தூங்கவில்லையே என்று வீட்டில் கிடக்கும் தூக்க மாத்திரையைக் கொடுத்துவிடாதீர்கள், இரண்டும் சேர்ந்தால் மூச்சு அடங்கிப்போகும் ஆபத்து உண்டு. படுக்கையிலிருந்து எழும்போது ஓரமாக இரண்டு நிமிடம் உட்கார்ந்துவிட்டு நிற்கச் சொல்லுங்கள். ஒரே கம்பெனியின் 25, 100 ஸ்ட்ரிப்கள் பார்க்க ஒன்றுபோல இருக்கலாம். 25 வாங்கி வந்ததும், மிச்சமுள்ள 100ஐ வேறு டப்பாவில் எடுத்து வைத்துவிடுங்கள்.

இனி ஒரே ஒரு வேளை மறந்தால் இந்தப் பாடெல்லாம் வேண்டாம். 48 மணி நேரத்துக்குள் என்றால் அடுத்த வேளைக்கு வழக்கமான அளவு, வழக்கமான நேரம். விட்டுப்போனதை ஈடுகட்ட இரண்டு மடங்கு கொடுக்கக் கூடாது.

ரத்தப் பரிசோதனை பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லியாக வேண்டும். 1975இல் பின்லாந்தில் குளோசபின் சாப்பிட்ட சிலர் வெள்ளையணு சரிந்து இறந்ததால் பல நாடுகள் இந்த மருந்தைத் திரும்பப் பெற்றன. வேறு மருந்துக்கு அடங்காத மனச்சிதைவுக்கு இதைப் போல வேலை செய்வது எதுவும் இல்லை என்பதால்தான், கட்டாய ரத்தப் பரிசோதனையோடு 1989இல் அமெரிக்கா அனுமதித்தது. ஆரம்பத்தில் வாராவாரம் எடுத்தது இப்போது மாதம் ஒன்றாகியிருக்கும். இடையில் மருந்து நின்றதால் மறுபடி அடிக்கடி எடுக்க வேண்டுமா என்று டாக்டரிடம் கேளுங்கள்.

ரிப்போர்ட்டில் 'டோட்டல் கவுன்ட்', அதாவது மொத்த வெள்ளையணு எண்ணிக்கை, மட்டும் பார்த்தால் போதாது. கிருமியோடு போராடும் வெள்ளையணு வகையான நியூட்ரோஃபிலின் சதவீதத்தை அதோடு பெருக்கி 100ஆல் வகுத்து, நியூட்ரோஃபில் எண்ணிக்கையைப் பார்க்க வேண்டும். 6,200 டோட்டல், 58 சதவீதம் என்றால் 3,596, கவலையில்லை. 3,400 டோட்டல், 38 சதவீதம் என்றால் 1,292. இப்படி 1,500க்குக் கீழே வந்தால் அடுத்த வேளை மாத்திரைக்கு முன் டாக்டரிடம் பேசிவிட வேண்டும். 500க்குக் கீழே போனால் சாதாரணக் கிருமியே உயிருக்கு ஆபத்தாகிவிடும்.

அதனால் காய்ச்சலோ தொண்டை வலியோ வந்தால் பாராசிட்டமால் போட்டு மூன்று நாள் பார்ப்பது இவருக்குச் சரிவராது. அன்றைக்கே ரத்தம் எடுங்கள். சென்னையில் மழைக்காலத்தில் டெங்குவும் வெள்ளையணுவைக் குறைக்கும், எது காரணம் என்று பிரித்துப் பார்ப்பது டாக்டர் வேலை. இவர் குளோசபின் சாப்பிடுகிறார் என்பது அந்த டாக்டருக்குத் தெரிந்திருக்க வேண்டும். இன்னொன்று: உடம்பில் பெரிய தொற்று இருக்கும்போது குளோசபின் ரத்தத்தில் தேங்கும். காய்ச்சலோடு அதிக அசதி, தள்ளாட்டம், கைகால் வெட்டி இழுப்பது தெரிந்தால் அதையும் சொல்லுங்கள். பேதிக்கும் நீர்க்கடுப்புக்கும் மெடிக்கலில் எளிதாகக் கிடைக்கும் சிப்ரோஃப்ளாக்சசினும் குளோசபின் அளவை நன்றாக ஏற்றிவிடும், கேட்காமல் கொடுக்காதீர்கள்.

மலச்சிக்கலுக்கு வருவோம். குடும்பங்கள் ரத்தப் பரிசோதனைக்குப் பயப்படும் அளவில் பாதிகூட இதற்குப் பயப்படுவதில்லை. குளோசபின் குடலின் அசைவையே மந்தமாக்குகிறது. முற்றினால் குடல் அடைத்து, அழுகி, உயிரே போகலாம். 2020இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இந்த எச்சரிக்கையை இன்னும் கடுமையாக்கியது. இந்த நோயாளிகள் பலர் வலியைத் தாமாகச் சொல்ல மாட்டார்கள், "வயிறு நல்லாத்தான் இருக்கு" என்பார்கள். அதனால் மாதக் காலண்டரில் மலம் போன நாளுக்கெல்லாம் ஒரு டிக் போடுங்கள். இரண்டு நாள் டிக் இல்லையென்றால் டாக்டருக்குச் சொல்லும் நேரம் வந்துவிட்டது.

வாழைப்பழமும் கீரையும் நல்லதுதான், ஆனால் அவை மட்டும் போதாது. இசப்கோலை நம்பாதீர்கள். அசையாத குடலில் அது தண்ணீரை உறிஞ்சி உப்பி அப்படியே நிற்கும், அக்னி நட்சத்திரத்தில் தண்ணீரும் குறைவாகக் குடித்தால் சொல்லவே வேண்டாம். பிசகோடில் போலக் குடலைத் தூண்டுவது, லாக்டுலோஸ் போல மலத்தை இளக்குவது என்று டாக்டர் எழுதித் தருவார். பலருக்குத் தினமும் தேவைப்படும், அதில் தப்பில்லை. பழைய சீட்டிலிருந்து ட்ரைஹெக்சிபெனிடில் இன்னும் தொடர்கிறதா பாருங்கள். கை நடுக்கத்துக்குத் தரும் அந்த மாத்திரை குடலை மேலும் கட்டிப்போடும், குளோசபினோடு பெரும்பாலும் தேவையே இருக்காது. அதை எடுத்துவிடலாமா என்று கேளுங்கள். வயிறு உப்பி இறுகியிருந்தாலோ, வாந்தி வந்தாலோ, காற்றுகூடப் பிரியவில்லையென்றாலோ காலை வரை காத்திருக்காமல் 108ஐக் கூப்பிடுங்கள்.

பீடியை விடுவது அவர் நுரையீரலுக்கும் இதயத்துக்கும் நல்லது, தடுக்காதீர்கள். ஆனால் எந்தத் தேதியில் விடுகிறார் என்று டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டு விட வேண்டும். புகையிலைப் புகை, கல்லீரலில் குளோசபினைக் கரைக்கும் நொதியை முடுக்கிவிடுகிறது. தினம் ஒரு கட்டு பீடி இழுப்பவருக்கு 300 சரியாக இருந்திருக்கலாம். புகையை நிறுத்தினால் அதே 300, ஒரு வாரத்துக்குள்ளாகவே ரத்தத்தில் பாதிக்கு மேல் கூடிவிடலாம். தூக்கம், தள்ளாட்டம், தலையணை நனையும் அளவு எச்சில், வலிப்பு வரை போகும். இதைச் செய்வது புகை, நிகோட்டின் அல்ல. ஆகவே நிகோட்டின் சூயிங்கம் மென்றாலும் டாக்டர் டோஸைக் குறைக்க வேண்டியிருக்கும். விட்டவர் மறுபடி பிடிக்கத் தொடங்கினால் அளவு இறங்கி நோய் தலைதூக்கும், அதையும் மறைக்காமல் சொல்லச் சொல்லுங்கள். இப்போது 12.5லிருந்து ஏற்றப்போகிறார்கள் என்பதால், எந்தத் தேதியில் பீடியை விடுகிறார் என்று இன்றைக்கே டாக்டரிடம் சொல்லிவிட்டால், 300 வரை போக வேண்டுமா, அதற்கு முன்பே நிறுத்தலாமா என்று அவர் அதற்கேற்பப் பார்த்துக்கொள்வார்.