மேலே டியூன், கீழே ரேஸ்

ஏப்ரல் சீசன் நெருங்குகிறது. அதனால் இந்த முறை மைலேஜ் குறைகிறது, கிளச் நழுவுகிறது என்று வந்த கடிதங்களை ஒதுக்கிவிட்டு ரேஸ் கார் கேள்விகளை மட்டும் எடுத்திருக்கிறேன். த்ரீவீல்காரர்கள் கோபிக்க வேண்டாம், உங்களுக்கு அடுத்த இதழ்.

கேள்வி: அண்ணே, 1981 டொயோட்டா கேபி61 ஸ்டார்லெட் ஒன்றுக்கு 4ஏ-ஜீஈ இன்ஜின் போடுகிறேன். இன்ஜினையும் டீ50 கியர்பொக்ஸையும் கொழும்பு பஞ்சிகாவத்தையில் பழைய பாகக் கடையில் வாங்கினேன். வயரிங்கை வெட்டி எடுத்திருப்பதால் இரட்டைக் கார்பரேட்டர் போடலாம் என்று நினைக்கிறேன். நுவரெலியாவில் தெரிந்த பாஸ் (மெக்கானிக்) ஒருவர் டியூன் செய்து தருகிறார். அங்கே மஹகஸ்தோட்டை மலையேற்றப் போட்டியில் ஏறிவிட்டு அப்புறம் கீழே கடலோரக் கட்டுகுருந்த ட்ராக்கிலும் ஓட ஆசை. சரிவருமா?
- வாசகர், ஹட்டன்

பதில்: தம்பி, ஜோடி நல்ல ஜோடிதான். முக்கால் தொன் அளவே எடையுள்ள, பின்சக்கரம் இழுக்கும் கார், அதிலிருந்த 1,290 சிசி 4கே-யைக் கழற்றிவிட்டு 1,587 சிசி, 16 வால்வ் இன்ஜின். டீ50 அதற்கு நேராகவே பூட்டிக்கொள்ளும். மவுண்ட், சம்ப், ப்ரொப்பெலர் ஷாஃப்ட் மூன்றும் வேலை வாங்கும், ஆனால் அது கையும் வெல்டிங்கும் சம்பந்தப்பட்டது, உங்கள் பாஸ் பார்த்துக்கொள்வார். எனக்குப் பயம் கடைசி வரியில்தான். நுவரெலியாவில் டியூன், கட்டுகுருந்தவில் ஓட்டம் என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வரியில் நான் ஒரு பிஸ்டனைத் தொலைத்திருக்கிறேன்.

நுவரெலியா 1,868 மீட்டர் உயரம். அங்கே காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்குதான். குளிர் கொஞ்சம் ஈடு கட்டினாலும் டேர்போ இல்லாத இன்ஜின் ஆறில் ஒரு பங்கு சக்தியை அங்கேயே விட்டுவிடும். சரி, அது எல்லாருக்கும் பொது, மஹகஸ்தோட்டையில் 1934-லிருந்து ஏறுகிறவர்கள் அத்தனை பேரும் அதே மெல்லிய காற்றைக் குடித்துத்தான் ஏறினார்கள். சிக்கல் கார்பரேட்டரில். காற்று மெலிந்தாலும் அது பெற்றோலை அந்த அளவுக்குக் குறைக்காது, ஆகவே மேலே கலவை பத்து வீதம் போலக் கனக்கும், இன்ஜின் கரும்புகை விட்டு இருமும். பாஸ் பெற்றோல் போகும் துளையான ஜெட்டைச் சின்னதாக்குவார், இன்ஜின் துள்ளும், எல்லாருக்கும் சந்தோஷம். அதே ஜெட்டோடு கடல் மட்டத்துக்கு இறங்கினால் காற்று தடித்துவிடும், பெற்றோல் போதாது.

நான் செய்ததும் இதேதான். அப்போது என்னிடம் இருந்தது இதே கேபி61, 4கே இன்ஜின், ஒற்றைக் கார்பரேட்டர். ஜெட்டை மாற்றியது நானேதான், வேறு யாரையும் குறை சொல்ல வழியில்லை. லொறியில் ஏற்றிக் கட்டுகுருந்தவுக்குக் கொண்டுபோனேன். முதல் ரவுண்டில் கார் என்றைக்கும் இல்லாத வேகம், எனக்கோ பெருமை தாங்கவில்லை. மூன்றாவது ரவுண்டில், நீள நேர் ஓட்டத்தில், யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுத்த மாதிரி ஒரு தொய்வு, கண்ணாடியில் பார்த்தால் நீலப் புகை. அன்று இரவு ஹெட்டைக் கழற்றினோம். மூன்றாம் பிஸ்டனின் தலையில் விரல் நுழையும் அளவுக்கு ஓட்டை, ஓரமெல்லாம் மெழுகு வழிந்த மாதிரி. அந்த சிலிண்டரின் ப்ளக்கைக் கையில் எடுத்துப் பார்த்தால் பீங்கான் சுண்ணாம்பு வெள்ளை, அதன்மேல் மிளகுத்தூள் தூவியதுபோல் சின்னச் சின்ன மணிகள். உருகிய அலுமினியம் தம்பி, என் பிஸ்டன்தான் அது.

ஆகவே கார்பரேட்டர்தான் என்றால் ஜெட்டுகளை இரண்டு செட்டாக வாங்குங்கள். மேலே 120 மெயின் ஜெட் சரியாக இருந்தால் கீழே 125-ஐயும் 130-ஐயும் எடுத்துப்போய் 130-இல் தொடங்குங்கள், கனத்த கலவை ஆளை ஏமாற்றுமே தவிர இன்ஜினைக் கொல்லாது. இக்னிஷனையும் இரண்டு மூன்று டிகிரி பின்னுக்கு வையுங்கள், ஏனென்றால் தீப்பொறியை முன்கூட்டியே விழவைக்கும் அட்வான்ஸ் மேலே சத்தமில்லாமல் தாங்கினாலும், கீழே இன்ஜின் தட்டத் தொடங்கும். 95 ஒக்டேன் ஊற்றுங்கள். ரெண்டு ரவுண்ட் ஓட்டி, முழு த்ரொட்டிலில் இருக்கும்போதே கிளச்சை மிதித்து இன்ஜினை அணைத்து, அப்படியே உருண்டு வந்து ப்ளக்கைக் கழற்றிப் பாருங்கள். பிட்டுக்குள் ஓட்டி வந்து பார்த்தால் ஐட்லிங் கரி எல்லாவற்றையும் மறைத்துவிடும்.

என்னைக் கேட்டால் கார்பரேட்டரே வேண்டாம். கொஞ்சம் செலவழித்து, மேப் சென்சர் உள்ள ஈசியூ (இன்ஜின் கணினி) ஒன்றும் புது வயரிங்கும் போடுங்கள். அது காற்றழுத்தத்தைத் தானே அளந்துகொள்வதால் மலை ஏறினாலும் இறங்கினாலும் பெரும்பாலும் தன்னைத் திருத்திக்கொள்ளும். த்ரொட்டில் திறப்பை மட்டும் வைத்துக் கணக்குப் பார்க்கும் முறையில் டியூன் செய்தால் அதற்கும் கார்பரேட்டர் கதிதான், அழுத்தத் திருத்தத்தைத் தனியாகப் போட வேண்டும்.

இன்னொன்று, ரேடியேட்டர். நுவரெலியாவில் 16 டிகிரிக் காற்று, கீழே 32. தண்ணீர் 90 டிகிரியில் நின்றால் மேலே வித்தியாசம் 74, கீழே 58. அதாவது அதே ரேடியேட்டர் கீழே ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் குறைவாகத்தான் சூட்டை வெளியேற்றும், அதுவும் இன்ஜின் கூடுதல் சக்தி காட்டுகிற நேரத்தில். மலையில் ஊசி நடுவில் நிற்கிறது என்று நம்பி இறங்கிவிடாதீர்கள்.

கேள்வி: வாங்கிய 4ஏ-ஜீஈ-க்குக் கடைக்காரர் 180 பிஎஸ்ஐ கம்ப்ரெஷன் காட்டித்தான் கொடுத்தார். இங்கே கொண்டுவந்து பார்த்தால் நாலு சிலிண்டரும் 145. ரிங் போய்விட்டது, பிரித்துப் போட வேண்டும் என்கிறார்கள். ஏமாந்துவிட்டேனா?
- வாசகர், நுவரெலியா

பதில்: ஏமாறவில்லை. பிரிக்கவும் வேண்டாம். பிஸ்டன் எந்தக் காற்றை உள்ளே இழுக்கிறதோ அதைத்தான் அமுக்கும். கடல் மட்டத்தில் 180 காட்டுகிற நல்ல இன்ஜின் உங்கள் ஊரில் 145 பக்கம்தான் காட்டும், கணக்குப் போட்டுப் பாருங்கள், அச்சாக வரும். நாலும் ஒன்றுபோல் இருப்பதே நல்ல சகுனம். ஒன்று மட்டும் 15, 20 இறங்கியிருந்தால்தான் கவலைப்பட வேண்டும். நாலு ப்ளக்கையும் கழற்றி, த்ரொட்டிலை முழுசாகத் திறந்து, பற்றரி நல்ல சார்ஜில் இருக்கும்போது இன்னொருமுறை பாருங்கள். பாதி பேர் த்ரொட்டிலை மூடி வைத்தே அளந்துவிட்டு ரிங் மாற்றச் சொல்கிறார்கள்.

கேள்வி: ட்ராக் எடுக்கக் காசில்லை. ஞாயிறு விடியற்காலை எங்கள் தோட்டத்து ரோட்டில் யாரும் இருக்க மாட்டார்கள். அங்கே டெஸ்ட் பண்ணலாமா அண்ணே?
- வாசகர், தலவாக்கலை

பதில்: கூடாது. யாரும் இருக்க மாட்டார்கள் என்கிறீர்கள், ஆனால் அந்தச் சத்தம் கேட்டதும் லயத்திலிருந்து முதலில் ஓடிவருவது பிள்ளைகள்தான். 2024 ஏப்ரல் 21-ஆம் திகதி தியத்தலாவை ஃபொக்ஸ் ஹில் ரேஸில் ஒரு கார் பாதையை விட்டுப் பார்வையாளர்கள் பக்கம் பாய்ந்ததில் 7 பேர் இறந்தார்கள். அதில் ஒரு சிறுமியும் உண்டு. ஏற்பாடு செய்து நடத்திய ரேஸிலேயே அப்படி என்றால் தேயிலைக்கும் கானுக்கும் நடுவிலுள்ள ரோட்டில் என்ன நடக்கும்?

காசில்லாமலே செய்யக்கூடியது நிறைய இருக்கிறது. முற்றத்தில் நிறுத்தி, ஃபேன் போட்டு நிற்கும்வரை சூடாக்குங்கள், முழுசாக ஆற விடுங்கள், மறுபடி சூடாக்குங்கள். மூன்று தடவை இப்படிச் செய்தால் ஒழுக வேண்டிய ஹோஸெல்லாம் அங்கேயே ஒழுகிவிடும். ரேடியேட்டர் மூடியைப் புதிதாகப் போடுங்கள். அழுத்தம் பிடிக்காத மூடியென்றால் 1,868 மீட்டரில் தண்ணீர் 94 டிகிரியிலேயே கொதிக்கும். ப்ரேக் எண்ணெயை முழுவதும் மாற்றுங்கள், இது நூறு ரேஸ் பாகத்தைவிட முக்கியம். புது டொட் 4 எண்ணெய் 230 டிகிரி வரைக்கும் கொதிக்காது, ஈரம் குடித்துவிட்டதென்றால் 155-க்குத்தான் உத்தரவாதம், நம் பக்கத்து மூடுபனியில் அது மெல்ல மெல்ல ஈரம் குடித்துக்கொண்டே இருக்கும். பிறகு நாலைந்து பேர் சேர்ந்து கட்டுகுருந்த ட்ராக்கையோ பன்னல ட்ராக்கையோ ஒரு நாளுக்குப் பகிர்ந்து எடுங்கள். மூன்று ரவுண்ட், உள்ளே வந்து நட்டெல்லாம் தொட்டுப் பார்த்தல், அடுத்த மூன்று ரவுண்ட், அவ்வளவுதான். ஒரு தடவைக்கு ஒரு மாற்றம் மட்டும் செய்து, 80 பக்க சீஆர் கொப்பி ஒன்றில் எழுதுங்கள்: டயர் காற்று எவ்வளவு, ஜெட் என்ன, தண்ணீர்ச் சூடு எவ்வளவு என்று. மூன்றையும் ஒரே தடவையில் மாற்றினால் எது வேலை செய்தது என்று கடவுளுக்கும் தெரியாது.

கேள்வி: என் தம்பி ரேஸ் காருக்கு உள்ளே கூண்டு கட்டுகிறான். கேட் செய்யும் கடையில் ஜீஐ பைப்பில் மலிவாக முடித்துத் தருகிறார்களாம். எனக்குப் பயமாக இருக்கிறது.
- வாசகி, பண்டாரவளை

பதில்: உங்கள் பயம் சரி, தங்கச்சி. தண்ணீர் போகிற பைப் தண்ணீருக்குத்தான். அதில் நீளவாக்கில் ஒரு ஒட்டு இருக்கும், கார் புரளும்போது அங்கேதான் பிளக்கும், துத்தநாகப் பூச்சின்மேல் போட்ட வெல்டிங்கும் நம்பத் தகுந்ததல்ல. உலக மோட்டார் பந்தய அமைப்பான எஃப்ஐஏ-யின் விதிப்படி பிரதான வளைவுக்கு ஒட்டில்லாத, குளிர்முறையில் இழுத்த இரும்புக் குழாய் வேண்டும். 45 மில்லிமீட்டர் விட்டத்தில் 2.5 கனம், அல்லது 50-இல் 2. தம்பியிடம் சொல்லுங்கள், கூண்டுக்குக் காசு சேரும்வரை கார் கராஜிலேயே நிற்கட்டும்.

கேள்வி: 16 வால்வுக்குப் பதில் 20 வால்வ் 4ஏ-ஜீஈ மலிவாகக் கிடைக்கிறது. அதே கேபி61-க்குப் போடலாமா?
- வாசகர், பதுளை

பதில்: போடலாம், சக்தியும் கூட. ஆனால் அது முன்சக்கரம் இழுக்கும் கார்களுக்காக வந்த இன்ஜின், ப்ளக்குகளுக்கு மின்சாரம் பகிரும் டிஸ்ட்ரிபியூட்டர் ஹெட்டின் பின்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும், காரின் நீளவாக்கில் வைத்தால் இன்ஜினுக்கும் காரின் உட்பகுதிக்கும் நடுவிலுள்ள தகடான ஃபயர்வோலில் முட்டும். ஒன்றில் ஃபயர்வோலை வெட்ட வேண்டும், இல்லையென்றால் டிஸ்ட்ரிபியூட்டரை எறிந்துவிட்டுத் தனித்தனிக் கொயில் போட வேண்டும், தண்ணீர்க் குழாயையும் சுற்றிக் கொண்டுவர வேண்டும். மலிவு என்று சொன்ன விலையில் இதையெல்லாம் சேர்த்துக் கணக்குப் போட்டு எழுதுங்கள். அந்தக் காரை ரோட்டிலும் ஓட்டுவதாக இருந்தால் வாகனப் புத்தகத்தில் இன்ஜின் இலக்கத்தையும் மாற்றியாக வேண்டும், அந்த அலைச்சலுக்கு ரெண்டு லீவு நாளைத் தனியாக ஒதுக்கி வையுங்கள்.