ஊதத் தெரியுமா பிள்ளைகளுக்கு?

கேள்வி: எங்கள் பள்ளியில் ட்ரம்பெட், தாளக் கருவிப் பயிலரங்கு நடத்தப் போகிறோம். ஆறாம் வகுப்புப் பிள்ளைகளால் ஊத முடியுமா?
- ஓர் ஆசிரியை, திண்டுக்கல்

பதில்: முடியும் டீச்சர். ஆனால் கருவியை எடுத்த எடுப்பில் கையில் கொடுத்துவிடாதீர்கள். முதலில் உதட்டை மூடி ‘ப்ர்ர்’ என்று அதிரவிடச் சொல்லுங்கள். சத்தம் பிறப்பதே அங்கேதான். நான் போகும் பள்ளிகளில் தோட்டத்துக் குழாயின் ஒரு முனையில் புனலைச் செருகி, மறுமுனையில் ட்ரம்பெட்டின் ஊதுவாயை மாட்டி ஊதிக் காட்டுவேன். வகுப்பே எழுந்து நின்றுவிடும்! ட்ரம்பெட்டும் சுருட்டி வைத்த குழாய்தான், நீளம் சுமார் ஐந்து அடி. ஒரு பிள்ளை ஊதியதும் ஊதுவாயைச் சோப்புப் போட்டுக் கழுவிவிடுங்கள்.

தாளத்துக்குப் பறைக் கலைஞர்களையும் கூப்பிடுங்கள். தோலை நெருப்பில் காய்ச்சக் காய்ச்ச ஒலி ஏறுவதைப் பிள்ளைகள் நேரில் கேட்கட்டும். அப்புறம், எல்லாம் மைதானத்தில்தான். வகுப்பறையில் வைத்தால் பக்கத்து வகுப்புக் கணக்கு வாத்தியார் சண்டைக்கு வருவார்.