அம்மாவின் மூக்கு ஆபரேஷனுக்கு இன்ஷூரன்ஸ் கிடைக்குமா?

கேள்வி: அம்மாவுக்கு 58 வயது. மூக்குத்தி போடும் இடத்துக்குப் பக்கத்தில் ஆறாத புண் இருந்தது. பயாப்ஸியில் 'பேசல் செல் கார்சினோமா' (ஒரு வகைத் தோல் புற்று) என்று வந்திருக்கிறது. கட்டியை எடுத்துவிட்டு நெற்றித் தோலால் மூக்கைச் சீரமைக்க வேண்டுமாம். 'பிளாஸ்டிக் சர்ஜரிக்கு கிளெய்ம் வராது' என்கிறார் ஏஜென்ட். நான்கு வருடமாக 5 லட்ச ரூபாய் ஃபேமிலி ஃப்ளோட்டர் (குடும்பம் முழுவதற்குமான மெடிக்கல் பாலிசி) இருக்கிறது. அடுத்த மாதம் ரினியூவல். 10 லட்சத்துக்கு கிரிட்டிக்கல் இல்னஸ் (குறிப்பிட்ட கடும் நோய் வந்தால் மொத்தமாகப் பணம் தரும்) பாலிசியும் உண்டு. எஃப்.டி.யை உடைக்கலாமா?
- வாசகர், தென்காசி

பதில்: எஃப்.டி.யைத் தொட வேண்டாம். ஏஜென்ட் பாதி வரியைத்தான் படித்திருக்கிறார். பாலிசியில் 'எக்ஸ்க்ளூஷன் 08' என்ற இடத்தைப் பாருங்கள். இன்ஷூரன்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. வகுத்த வாசகம் அது. தோற்றத்தை மாற்றும் சிகிச்சைக்குப் பணம் கிடையாது. விபத்து, தீக்காயம், புற்றுநோய்க்குப் பின் செய்யும் சீரமைப்புக்கு உண்டு.

எஸ்டிமேட்டில் வெறுமனே 'ரைனோபிளாஸ்டி' (மூக்கு வடிவச் சீரமைப்பு) என்று இருந்தால் மறுக்க வசதியாகிவிடும். 'புற்றுக்கட்டி நீக்கத்துக்குப் பிந்தைய சீரமைப்பு, மருத்துவ ரீதியில் அவசியம்' என்று டாக்டரிடம் எழுதி வாங்கி, பயாப்ஸி ரிப்போர்ட்டோடு கேஷ்லெஸ் அனுமதிக்கு அனுப்பச் சொல்லுங்கள்.

கேஸ் ஷீட்டில் கவனம் தேவை. 'எத்தனை நாளா இருக்கு?' என்று கேட்டால், 'சின்ன வயசுலேர்ந்தே இருக்கிற மச்சம்தான் டாக்டர்' என்று நம் அம்மாக்கள் சாதாரணமாகச் சொல்லிவிடுவார்கள். உங்கள் பாலிசிக்கு இன்னும் 60 மாதம் ஆகவில்லை. அதுவரை 'நோயை மறைத்து பாலிசி எடுத்தீர்கள்' என்று கம்பெனி இழுக்க இடமிருக்கிறது. பொய் சொல்ல வேண்டாம். மச்சம் எப்போதிலிருந்து, புண் எப்போதிலிருந்து என்று பிரித்துச் சொன்னால் போதும்.

அப்புறம், இது பெரும்பாலும் ஒரே ஆபரேஷனில் முடியாது. நெற்றித் தோலை முழுக்க வெட்டி எடுக்காமல், புருவத்தருகே ரத்தக்குழாயோடு ஒட்டியபடியே திருப்பி மூக்கில் தைப்பார்கள். புது இடத்தில் ரத்த ஓட்டம் பிடித்ததும், சுமார் 3 வாரம் கழித்து அந்த இணைப்பை வெட்டுவார்கள். (1794-இல் லண்டன் பத்திரிகை ஒன்றில் வெளியாகி, 'இந்திய முறை' என்றே உலகம் பெயர் வைத்த சிகிச்சை இது!) உங்கள் ரினியூவல் இந்த இரண்டுக்கும் நடுவில் வந்து விழலாம். கெடு தேதிக்கு முன்பே பிரீமியம் கட்டிவிடுங்கள். வருட பிரீமியம் கட்டுபவர்களுக்கு, கருணைக் காலத்தில் (கெடு தேதிக்குப் பின் தரும் அவகாசத்தில்) கட்டினால் பாலிசி தொடரும். ஆனால் கட்டாமல் இருந்த நாட்களில் செய்த ஆபரேஷனுக்குப் பணம் வராது. இரண்டு கட்டத்துக்கும் சேர்த்தே எஸ்டிமேட் கேளுங்கள்.

கிரிட்டிக்கல் இல்னஸ் பாலிசியைக் கணக்கில் சேர்க்காதீர்கள். அம்மாவுக்கு வந்திருப்பது போன்ற, மெலனோமா (இன்னொரு வகைத் தோல் புற்று) அல்லாத தோல் புற்று, நிணநீர் முடிச்சுக்கோ அதைத் தாண்டியோ பரவினால்தான் அதில் பணம். இந்த வகை அபூர்வமாகத்தான் பரவும் என்பதால், அந்தப் பத்து லட்சம் வராமலே போகட்டும்.

கேஷ்லெஸ் மறுத்தாலும் கிளெய்ம் முடிந்துவிடாது. மறுப்பை எழுத்தில் வாங்குங்கள். எஃப்.டி. மீதே கடன் வாங்கி பில்லைக் கட்டிவிட்டு, ரீஇம்பர்ஸ்மென்ட் கேளுங்கள். அதுவும் மறுக்கப்பட்டால் கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரிக்குப் புகார். 30 நாளில் பதில் வராவிட்டாலோ திருப்தி இல்லாவிட்டாலோ சென்னையிலுள்ள இன்ஷூரன்ஸ் ஆம்புட்ஸ்மேனிடம் (கம்பெனிக்கு வெளியே உள்ள குறைதீர்ப்பாளர்) போகலாம். கட்டணம் இல்லை, வக்கீலும் வேண்டாம். எக்ஸ்க்ளூஷன் 08 பக்கத்தின் நகலை மறக்காமல் இணையுங்கள்.