தைனிக் ஜாக்ரண் இவ்வளவு பெரிதாக வளர்ந்தது எப்படி? அதில் வருவதை நம்பலாமா?

கேட்டவர் இரண்டு விஷயங்களை ஒரே மூச்சில் கேட்டிருக்கிறார். படிப்பறிவில் பின்தங்கியது என்று பெயரெடுத்த உத்தரப் பிரதேசத்தில் வேர்விட்ட ஓர் இந்தி நாளிதழ், நாட்டிலேயே அதிகம் பேர் வாசிக்கும் நாளிதழாக ஆனது எப்படி என்பது ஒன்று. காசு வாங்கிக்கொண்டு செய்தி போடுவதாகச் சொல்கிறார்களே, அதை நம்பலாமா என்பது மற்றொன்று. வேலை மாற்றலில் அந்தப் பக்கம் போகவிருப்பவர் என்று ஊகிக்கிறேன். நானும் அப்படிப் போனவன்தான். பொதுத்துறை வங்கி ஒன்றில் பதவி உயர்வு கொடுத்து, 2006 இல் என்னைக் கான்பூர் வட்டாரத்துக்கு அனுப்பினார்கள். கங்கைக்கு அக்கரையில், உன்னாவ் மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் கிளை மேலாளராக இருந்தேன். அங்கே ஜாக்ரண் வாங்காத டீக்கடையை நான் பார்த்ததில்லை.

நான் பத்திரிகைத் தொழிலில் இருந்தவன் அல்லன்; எந்தக் கட்சியிலும் இல்லை. இந்திக்கு வக்காலத்து வாங்குகிறேன் என்று சிலரும், இந்திப் பத்திரிகையை மட்டம் தட்டுகிறேன் என்று வேறு சிலரும் சொல்லக்கூடும் என்பது தெரியும். இருவரும் முழுவதையும் படித்துவிட்டுத் திட்டினால் நல்லது.

முதலில் அந்தப் 'படிப்பறிவு' விவகாரம். கேள்வியில் இருக்கும் வியப்புதான் என்னை எழுத உட்கார வைத்தது. உத்தரப் பிரதேசத்தில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் 1991 கணக்கெடுப்பில் சுமார் 41 விழுக்காடு; 2011 இல் அது ஏறக்குறைய 68. இருபதே ஆண்டுகளில் கோடிக்கணக்கானவர்கள் புதிதாக எழுத்துக்கூட்டிப் படிக்கத் தொடங்கியிருக்கிறார்கள். அவர்களில் பலருக்குப் பள்ளிப் புத்தகத்துக்குப் பிறகு கையில் எடுத்த முதல் அச்சுத்தாளே நாளிதழ்தான். ஆகவே, படிப்பறிவு குறைந்திருந்தும் வளர்ந்தது என்பதைவிட, படிப்பறிவு ஏறிக்கொண்டிருந்த சமயம் பார்த்து ஊர் ஊராகப் போய் நின்றதால் வளர்ந்தது என்பதே சரி.

ஜாக்ரண் 1942 இல் ஜான்சியில் பூரண் சந்திர குப்தா தொடங்கிய இதழ். (அதே 1942 இல்தான் மதுரையில் சி. பா. ஆதித்தனார் தினத்தந்தியைத் தொடங்கினார். ஊருக்கு ஊர் பதிப்பு, சாமானியர் படிக்கும் நடை என்ற பாதையை நம் ஊரில் யார் போட்டார்கள் என்பதை நினைவில் வைத்துக்கொண்டால், வடக்கே நடந்தது நமக்கு அவ்வளவு அதிசயமாகத் தோன்றாது.) 1947 செப்டம்பரில் அது கான்பூருக்கு வந்தது, இன்றுவரை தலைமையகம் அங்கேதான். நெருக்கடிநிலைக் காலத்துக்குப் பிறகு செய்திப் பசி கூடியதும் ஆஃப்செட் அச்சு மலிவானதும் இந்தி நாளிதழ்கள் அனைத்துக்குமே கைகொடுத்தன. 1975 இல் கோரக்பூர், அதன்பின் வாரணாசி, லக்னோ, மீரட், ஆக்ரா, 1990 இல் தில்லி, 2000 இல் பட்னா என்று பதிப்புகள் பெருகின. 2005 இல் அயர்லாந்து நாட்டுப் பத்திரிகை நிறுவனம் ஒன்று முதலீடு செய்தது. 2006 இல் பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்டது. பின்னர் மும்பையின் மிட் டே, இந்தூரின் நயீ துனியா ஆகியவையும் அதே குழுமத்தின் கைக்கு வந்தன.

ஏழு கோடி வாசகர்கள் என்று நீங்கள் கேள்விப்பட்டது 2017, 2019 ஆம் ஆண்டுகளின் இந்திய வாசகர் கணக்கெடுப்பில் வந்த எண். ஆனால் அது, கடந்த ஒரு மாதத்தில் ஒரு முறையாவது அந்த இதழைப் படித்தவர்களைச் சேர்த்த கணக்கு. அன்றாடம் படிப்பவர்களின் சராசரி இரண்டு கோடியை ஒட்டித்தான் வரும். அதுவும் சாதாரண எண் அல்ல என்றாலும், விளம்பரத்தில் பெரிய எண்ணைப் போடுவார்கள் என்பதால் சொல்லிவைக்கிறேன்.

இந்த வளர்ச்சிக்கு உண்மையான எந்திரம் அச்சகத்தில் இல்லை. மாவட்டப் பக்கத்தில் இருந்தது. முதல் பக்கமும் நாட்டு நடப்பும் எல்லோருக்கும் பொது. உள்ளே நான்கைந்து பக்கங்கள் மட்டும் மாவட்டத்துக்கு மாவட்டம் மாறும். இப்படி முப்பதுக்கும் மேற்பட்ட பதிப்புகளுக்குள் 200க்கு மேற்பட்ட உட்பதிப்புகள். உன்னாவில் எரிந்துபோன டிரான்ஸ்ஃபார்மர், கோதுமைக் கொள்முதல் நிலையத்தில் நின்ற டிராக்டர் வரிசை, நீலப்பசு (நீல்காய் எனும் காட்டு விலங்கு) மேய்ந்த வயல், திருமண ஊர்வலத்தில் நடந்த அடிதடி என்று அந்தப் பக்கங்கள் நிறையும். தன் ஊரின் பெயரையும், சில நாள் தன் பெயரையுமே அச்சில் பார்ப்பதற்காகத்தான் ஒருவர் காலையில் காசு கொடுத்து அதை வாங்குகிறார்.

அந்தப் பக்கங்களை நிரப்புகிறவர் யார் என்பதில்தான் உங்கள் இரண்டாவது கேள்விக்கான விடை இருக்கிறது. எங்கள் ஊரிலும் ஒருவர் இருந்தார். எந்த இதழுக்காரர் என்று சொல்லமாட்டேன். ஜாக்ரண் அல்ல என்பதை மட்டும் சொல்லிவிடுகிறேன். மொபைல் ரீசார்ஜும் ஜெராக்ஸும் நடக்கும் கடை வைத்திருந்தார். அதே கடையிலிருந்துதான் செய்தியும் போகும். மாதச் சம்பளம் என்று ஒன்று கிடையாது. செய்தி அனுப்பும் செலவுக்குச் சொற்பமாக ஏதோ வரும். மற்றபடி, அவர் பிடித்துக்கொடுக்கும் விளம்பரத்தில் கிடைக்கும் கமிஷன்தான் வருமானம். அடையாள அட்டை மட்டும் பளபளவென்று இருக்கும். ஸ்ட்ரிங்கர் என்பார்கள். இந்தி நாளிதழ்களின் சிற்றூர் அமைப்பு ஏறக்குறைய எல்லா இடங்களிலும் இப்படித்தான் இருந்தது.

ஆகஸ்டு 15 நெருங்கும்போது அவர் வங்கிக்கு வருவார். என் மேசைக்கு எதிரே அமர்ந்து, விளம்பரக் கட்டண அட்டையை மேசைக் கண்ணாடிக்கு மேல் விரித்து வைத்து, "மேனேஜர் சாஹப், ஊர்த் தலைவர் கொடுத்துவிட்டார், நர்சிங் ஹோம்காரர் அரைப்பக்கம் கொடுத்துவிட்டார், வங்கி மட்டும்தான் பாக்கி" என்பார். சுதந்திர தின வாழ்த்து என்ற பெயரில் படமும் பெயரும் போட்ட சிறு கட்டங்கள் பக்கம் பக்கமாக வரும். அதுதான் அவருக்கு அறுவடைக் காலம். கிளை அளவில் விளம்பரத்துக்குச் செலவிட எனக்கு அதிகாரம் இல்லை, வட்டார அலுவலகத்தைத்தான் கேட்க வேண்டும் என்று ஒவ்வொரு முறையும் சொல்வேன். ஓர் ஆண்டு அவர் கொஞ்சம் அழுத்தமாகக் கேட்டார், நானும் அதே அழுத்தத்தோடு மறுத்தேன். அந்த வாரமே மாவட்டப் பக்கத்தில் மூன்று பத்திச் செய்தி வந்தது: எங்கள் கிளையில் பாஸ்புக் அச்சிடும் இயந்திரம் மாதக்கணக்கில் பழுதாகக் கிடக்கிறது, முதியோர் ஓய்வூதியம் வாங்க வரும் கிழவிகள் கால்கடுக்க நிற்கிறார்கள், மேலாளர் கண்டுகொள்ளவில்லை.

எனக்கு வந்த கோபத்தை என்னாலேயே முழுதாக வைத்துக்கொள்ள முடியவில்லை. ஏனென்றால் மேலாளர் கண்டுகொள்ளவில்லை என்ற ஒன்றைத் தவிர அச்செய்தியில் இருந்தது அத்தனையும் உண்மை. அந்த இயந்திரத்துக்காக எழுதி எழுதிக் கை ஓய்ந்திருந்தேன். மேலே இருப்பவர்கள் ஒரு பதில்கூடப் போடவில்லை. (வெளிமாநிலத்திலிருந்து வந்த மேலாளரின் கடிதத்துக்கு அந்த அலுவலகத்தில் என்ன மரியாதை இருந்தது என்பதைத் தனியாக எழுதினால்தான் ஆறும்.) பத்திரிகைக் கத்தரிப்பு போய்ச் சேர்ந்த சில நாட்களில் புது இயந்திரம் வந்து இறங்கியது. ஸ்ட்ரிங்கரும் வந்து பார்த்துவிட்டு, ஒன்றுமே நடவாதவர் போல் டீ குடித்துவிட்டுப் போனார்.

இதைப் பெருமையாகவோ புகாராகவோ சொல்லவில்லை. அந்தச் செய்தியைப் படித்த வாசகருக்கு ஓர் உண்மை கிடைத்தது. ஆனால் அது ஏன் அன்றைக்கு வந்தது என்பது அவருக்குத் தெரிய வழியில்லை. அரைப்பக்கம் கொடுத்த நர்சிங் ஹோம் பற்றி நான் அங்கிருந்தவரை ஒரு வரிகூட எதிராக வந்து பார்த்ததில்லை. அங்கே எல்லாம் ஒழுங்காக நடந்ததாலும் இருக்கலாம். எனக்குத் தெரியாது, வாசகருக்கும் தெரியாது என்பதே பிரச்சினை. செய்தி எழுதுகிறவரும் விளம்பரம் கேட்கிறவரும் ஒரே ஆளாக இருக்கும்போது, பொய் எழுத வேண்டிய தேவையே பல சமயங்களில் எழுவதில்லை.

இந்த ஏற்பாடு தேர்தலோடு சேரும்போது என்ன ஆகும் என்பது ஆவணமாகவே இருக்கிறது. 2007 சட்டமன்றத் தேர்தலில் பதாயூன் மாவட்டத்து பிசௌலி தொகுதியில் வென்றவர் உம்லேஷ் யாதவ். தேர்தல் சமயத்தில் ஜாக்ரணிலும் அமர் உஜாலாவிலும் அவருக்குச் சாதகமாக, செய்தி போன்ற தோற்றத்தில் வெளியானவை பற்றித் தோற்ற வேட்பாளர், இதழ்கள் மீதான புகார்களை விசாரிக்கும் இந்தியப் பத்திரிகைக் கவுன்சிலுக்குப் போனார். அவை பணம் பெற்று வெளியானவை என்று கவுன்சில் முடிவு செய்தது. அந்தச் செலவைக் கணக்கில் காட்டாத காரணத்துக்காக 2011 அக்டோபரில் தேர்தல் ஆணையம் உம்லேஷ் யாதவை மூன்று ஆண்டுகளுக்குத் தகுதி நீக்கம் செய்தது. காசுச் செய்தியால் பதவியிழந்த முதல் உறுப்பினர் அவர்தான். சம்பந்தப்பட்ட தொகை என்ன தெரியுமா? 21 ஆயிரம் ரூபாய்ச் சொச்சம். மாவட்டப் பக்கத்தின் விலை அவ்வளவுதான். பிசௌலியில் வந்தது உன்னாவில் எங்களுக்குத் தெரியாது. உட்பதிப்பு முறையில் ஒரு மாவட்டத்தில் நடப்பதை அடுத்த மாவட்டத்து வாசகர் பார்ப்பதில்லை. வளர்ச்சிக்கு உதவிய அதே தடுப்புச் சுவர் இதற்கும் உதவியது.

2009 நாடாளுமன்றத் தேர்தலின்போது லக்னோவில் பாஜக வேட்பாளர் லால்ஜி டண்டனே ஜாக்ரண் மீது இப்படிப் பகிரங்கமாகக் குற்றம்சாட்டினார். பத்திரிகைக் கவுன்சில் இருவர் குழு அமைத்து விசாரித்தது. பெயர்களோடு அவர்கள் தயாரித்த அறிக்கையை 2010 இல் கவுன்சில் சுருக்கி, பெயர்களை எடுத்துவிட்டு வெளியிட்டது. தகவல் ஆணையத்தின் உத்தரவுக்குப் பிறகே 2011 இல் முழு அறிக்கை வெளிவந்தது. 2017 பிப்ரவரியில், சட்டமன்றத் தேர்தலின் முதல் கட்டம் முடிந்தவுடன், எல்லாக் கட்டங்களும் முடியும்வரை கணிப்பு வெளியிடக்கூடாது என்ற தடை இருக்கும்போதே ஜாக்ரணின் இணையதளத்தில் வாக்குக் கணிப்பு வெளியானது. வழக்குப் பதிவாகி இணையப் பிரிவு ஆசிரியர் கைதானார். விளம்பரப் பிரிவு போட்டது என்பதுதான் நிர்வாகம் சொன்ன விளக்கம். என் மேசைக் கண்ணாடிமேல் விரிந்த கட்டண அட்டையைப் பார்த்தவன் என்ற முறையில், அந்த விளக்கத்தை நான் முழுமையாக நம்புகிறேன்.

எல்லாச் சர்ச்சையையும் விளம்பரக் கணக்கில் எழுதிவிட முடியாது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். 1990 இல் அயோத்தியில் கரசேவகர்கள் மீது நடந்த துப்பாக்கிச் சூடு பற்றிய செய்திகளுக்காக ஆஜ், தைனிக் ஜாக்ரண், ஸ்வதந்திர பாரத், ஸ்வதந்திர சேதனா ஆகிய நான்கு இந்தி நாளிதழ்களைப் பத்திரிகைக் கவுன்சில் கண்டித்தது. 2018 ஏப்ரல் 20 அன்று, ஜம்முவின் கட்டுவாவில் கொல்லப்பட்ட எட்டு வயதுச் சிறுமி பாலியல் வன்கொடுமைக்கு ஆளாகவில்லை என்று ஜாக்ரண் முதல் பக்கத் தலைப்புப் போட்டது. குற்றப்பத்திரிகை அதற்கு நேர்மாறாகச் சொன்னது. 2019 ஜூனில் பட்டான்கோட் நீதிமன்றம் ஆறு பேரைத் தண்டித்தது, மூவருக்கு ஆயுள். இதை மாவட்டத்து ஸ்ட்ரிங்கரின் தலையில் கட்ட முடியாது. முதல் பக்கம் மேலே முடிவாவது. கட்சிச் சாய்வு என்று சொல்பவர்களிடம் நான் முழுக்க மறுப்புச் சொல்லவில்லை. ஆனால் ஜாக்ரணை நடத்தும் குப்தா குடும்பத்தில் நரேந்திர மோகன் பாஜக சார்பிலும், பின்னர் மகேந்திர மோகன் சமாஜ்வாதி சார்பிலும் மாநிலங்களவைக்குப் போனார்கள் என்பதையும் சேர்த்துப் பார்த்துவிட்டுப் பேசலாம்.

நியாயமாகக் கோபப்பட வேண்டிய இடம் சம்பளம் என்பது என் எண்ணம். வங்கியில் தொழிற்சங்கத்தில் இருந்தவன் வேறு எப்படி நினைப்பேன்? பத்திரிகை ஊழியர்களுக்கான மஜீதியா ஊதியக் குழுப் பரிந்துரை 2011 நவம்பரில் அறிவிக்கப்பட்டது. அதை எதிர்த்து நாளிதழ் முதலாளிகள் போட்ட வழக்குகளை 2014 பிப்ரவரியில், நம் ஈரோட்டுப் பக்கத்துக்காரரான அன்றைய உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதி பி. சதாசிவம் தலைமையிலான அமர்வு தள்ளுபடி செய்தது. அதன் பிறகும் பல நாளிதழ்கள் கொடுக்கவில்லை. அதற்காகத் தொடுத்த நீதிமன்ற அவமதிப்பு மனுக்களில் முதன்மையானதில் எதிர்த்தரப்பாக இருந்தவர் ஜாக்ரண் நிர்வாகத்தைச் சேர்ந்த சஞ்சய் குப்தா. வேண்டுமென்றே செய்த அவமதிப்பு இல்லை என்று 2017 ஜூனில் கூறிய உச்ச நீதிமன்றம், ஒப்பந்த ஊழியர்களுக்கும் அந்த ஊதியம் பொருந்தும் என்று தெளிவுபடுத்தியது. வேலையில் இருப்பவர்களுக்கே இந்த நிலை; ரீசார்ஜ் கடைக்காரர் எந்தப் பட்டியலிலும் இல்லை.

ஆக, நீங்கள் அங்கே போனால் மின்தடை நேரம், ரயில் ரத்து, பள்ளி விடுமுறை, பக்கத்துத் தெருத் திருட்டு ஆகியவற்றுக்கு உள்ளூர்ப் பக்கத்தைத் தயங்காமல் நம்பலாம். அவ்விஷயத்தில் ஆங்கில நாளிதழ்கள் கிட்டவே வரமுடியாது. தேர்தல் தேதி அறிவித்த நாளிலிருந்து வாக்கு எண்ணிக்கைவரை மட்டும் கூடவே அமர் உஜாலாவோ ஹிந்துஸ்தானோ ஒன்றை வாங்குங்கள். வேட்பாளருக்குத் திரண்ட கூட்டம் பற்றிய பத்தி இரண்டிலும் எழுத்துப் பிசகாமல் ஒன்றாக இருந்தால், அது எந்த இதழின் நிருபரும் எழுதியதல்ல என்று தெரிந்துவிடும்.